வேர்டு தானாக மூடிக்கொள்கிறதா? அழித்துப் போடுவதற்கு முன் கணினியையே விசாரியுங்கள்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் ஆவணம் எழுதும் பெரியவர் ஒருவர் காலை ஒன்பது மணிக்கு என்னை அழைத்தார். "மக்களே, வேர்டைத் திறந்தால் அடுத்த நொடியே மூடிக்கொள்கிறது. பதினொரு மணிக்குக் கிரயப் பத்திரத்தோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் நிற்க வேண்டும். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுக் கொடுத்துவிடு" என்றார். அந்த வாரத்திலேயே வேறொருவர் வந்து, வேர்டு அடங்கிய மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் தொகுப்பை இரண்டு முறை நீக்கி, இரண்டு முறை நிறுவிவிட்டுப் போயிருந்தார். இரண்டு முறைக்கும் கூலி கொடுத்தாகிவிட்டது. வேர்டு மட்டும் திருந்தவில்லை.

நான் போய் எதையும் அழிக்கவில்லை. கணினி தானே எழுதி வைத்திருந்த ஒரு குறிப்பைப் படித்தேன். அதில் குற்றவாளியின் பெயர் இருந்தது. ஒரு தேர்வுக் குறியை எடுத்துவிட்டேன். ஒன்பதே முக்காலுக்கு அவர் சொத்து விவரப் பட்டியலில் சென்ட் கணக்கைத் திருத்திக்கொண்டிருந்தார்.

ஒரு மென்பொருள் முடங்கிச் சாகும்போதெல்லாம் விண்டோஸ் அதைப் பதிவு செய்கிறது. எந்த நேரம், எந்த நிரல், எந்தக் கோப்பு காலை வாரியது என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைப் படிக்காமல் மறுபடி நிறுவுவது, நாடி பார்க்காமல் ஊசி போடுவதைப் போன்றது. ஃபார்மட் அடித்துவிட்டாலோ அந்தப் பதிவும் சேர்ந்து போய்விடும். பிறகு கேள்வி கேட்கக்கூட ஆள் இருக்காது.

கீழே வருவது விண்டோஸ் 10, 11 கணினிகளுக்கும், ஆபீஸ் 2016 முதல் இன்றைய பதிப்புகள் வரைக்கும் பொருந்தும். எல்லாக் கருவிகளும் உங்கள் கணினிக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். கட்டளைகளை நான் தொலைபேசியில் சொல்வதுபோலவே எழுத்துக் கூட்டி எழுதியிருக்கிறேன். தட்டச்சும்போது விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தமிழ்99 நிலையில் விட்டுவிட்டுக் கட்டளையைத் தட்டிப் பார்த்து, கணினியைத் திட்டியவர்கள் பலர். நானும் ஒருமுறை திட்டியிருக்கிறேன்.

எதற்கும் முன்னால்: கோப்பு

மருத்துவம் பிறகு. முதலில் உங்கள் கோப்புகளை ஒரு பென்டிரைவிலோ வேறு கணினியிலோ நகல் எடுத்து வையுங்கள். சேமிக்காமல் போன கோப்பு என்றால், வேர்டு எப்படியாவது திறக்கும் சமயத்தில் ஃபைல் மெனுவில் இன்ஃபோ, அதில் மேனேஜ் டாகுமென்ட், அதற்குள் ரிகவர் அன்சேவ்டு டாகுமென்ட்ஸ் என்று போங்கள். அரைகுறையாகவேனும் ஏதாவது கிடைக்கலாம்.

அப்படியே இன்னொரு வேலையையும் முடித்துவிடுங்கள். ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்ற பக்கத்தில் ஆட்டோ ரிகவர் நேரம் 10 நிமிடம் என்று இருக்கும். அதை 2 ஆக்குங்கள். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் நனைக்கிற மாவட்டம் இது. ஐப்பசி மாலையில் வேளிமலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தால் பத்து நிமிடம் மின்சாரம் போகாமல் இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் ஆட்டோ ரிகவர் இருக்கிறது என்று கன்ட்ரோல் எஸ் அழுத்துவதை மறந்துவிடாதீர்கள். அது விழுந்தால் தாங்கும் வலை. அதன்மேல் படுத்துத் தூங்கக் கூடாது.

அடுத்து, ஒரு தாளில் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். வேர்டு மட்டும்தானா, எக்செல்லும் பிரவுசரும்கூட மூடிக்கொள்கின்றனவா? எல்லாக் கோப்பிலுமா, ஒரே கோப்பிலா? திறந்தவுடனா, அச்சிடும்போதா, சேமிக்கும்போதா? எந்த நாளிலிருந்து? இந்த நான்குக்கும் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. நான்காவது கேள்விக்கு எல்லோரும் "தெரியவில்லை, ரொம்ப நாளாக இருக்கிறது" என்பார்கள். பரவாயில்லை, கணினிக்குத் தெரியும்.

நாள்காட்டியில் சிவப்புக் குறி

விண்டோஸ் பொத்தானை அழுத்தி ரிலையபிலிட்டி என்று தட்டத் தொடங்குங்கள். வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி என்ற வரி வரும், அதைத் திறங்கள். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே இருக்கும் கருவி இது. இருப்பது பலருக்குத் தெரியாது. கடை நடத்துகிற சிலருக்கும் தெரியாது.

திரையில் நாள் நாளாகக் கட்டங்கள் வரும். மேலே நீலக் கோடு ஒன்று ஏறி இறங்கும். அது கணினியின் உடல்நிலைக்கு 1 முதல் 10 வரை போடப்படும் மதிப்பெண். அந்த எண்ணுக்கு அதிகம் மதிப்புக் கொடுக்காதீர்கள். பார்க்க வேண்டியது சிவப்புப் பெருக்கல் குறிகளை. ஒரு நிரல் முடங்கிய நாளில் எல்லாம் அந்தக் குறி விழுந்திருக்கும். கட்டத்தைச் சொடுக்கினால் கீழே அன்று நடந்தவை வரிசையாக வரும்.

இப்போது முதல் சிவப்புக் குறி விழுந்த நாளுக்குப் போங்கள். அந்த நாளிலோ அதற்கு முந்தைய ஓரிரு நாளிலோ நீல வட்டத்துக்குள் தகவல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாக எதையாவது நிறுவியது, விண்டோஸ் புதுப்பிப்பு, டிரைவர் (அச்சுப்பொறி, திரை போன்ற வன்பொருளை இயக்கும் மென்பொருள்) மாற்றம் எல்லாம் அங்கேதான் பதிவாகும்.

தக்கலைப் பெரியவரின் கணினியில் வியாழக்கிழமை வரை ஒரு சிவப்புக் குறியும் இல்லை. வியாழன் மதியம் ஒரு நீலக் குறி: இலவச பிடிஎஃப் மாற்றி ஒன்று நிறுவப்பட்டிருக்கிறது. வியாழன் மாலையிலிருந்து வரிசையாகச் சிவப்பு. "அன்றைக்கு என்ன செய்தீர்கள்?" என்று கேட்டேன். "நான் ஒன்றும் செய்யவில்லையே, பேரன்தான் ஏதோ ஒரு விண்ணப்பத்தை இணையத்தில் ஏற்றினான்" என்றார். எல்லா வீட்டிலும் ஒரு பேரன் இருக்கிறான்.

ஒன்று கவனியுங்கள். இதுவரை கிடைத்தது சந்தேகம் மட்டுமே. அடுத்தடுத்து நடந்ததாலேயே ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. சாட்சி அடுத்த கருவியில் இருக்கிறது.

இவென்ட் வியூவர்: வாக்குமூலத்தை வாசிப்பது எப்படி

விண்டோஸ் பொத்தானை அழுத்தி இவென்ட் வியூவர் என்று தட்டித் திறங்கள். இடப்பக்கம் விண்டோஸ் லாக்ஸ் என்பதை விரித்து, அப்ளிகேஷன் என்பதைச் சொடுக்குங்கள். ஆயிரக்கணக்கான வரிகள் வந்து நிற்கும். பாதி வரிகளில் மஞ்சளும் சிவப்பும் இருக்கும். பயப்பட வேண்டாம், நன்றாக ஓடுகிற கணினியிலும் இப்படித்தான் இருக்கும். "உங்கள் கணினியில் இத்தனை பிழைகள்" என்று இதே பக்கத்தைக் காட்டித் தொலைபேசியில் ஏமாற்றுகிற கூட்டம் ஒன்று உண்டு. அவர்களிடம் சிக்கிக்கொள்ளாதீர்கள்.

வலப்பக்கம் ஃபில்டர் கரன்ட் லாக் என்பதைச் சொடுக்கி, இவென்ட் ஐடி கேட்கும் கட்டத்தில் 1000, 1002 என்று காற்புள்ளியோடு தட்டுங்கள். 1000 என்றால் நிரல் முடங்கி மூடியது. 1002 என்றால் மூடவில்லை, பதில் சொல்லாமல் உறைந்து நின்றது. இரண்டும் வெவ்வேறு நோய்கள். உறைந்து நின்றால் நான் முதலில் அச்சுப்பொறியையும் வட்டையும்தான் சந்தேகப்படுவேன். மூடிக்கொண்டால் ஆட்-இன் (வேர்டோடு ஒட்டிக்கொண்டு ஓடும் துணை நிரல்), டிரைவர், நினைவகம் என்று போவேன்.

வேர்டு முடங்கிய நேரத்துக்குரிய 1000 வரியைச் சொடுக்குங்கள். கீழே ஒரு பத்தி வரும். அதில் நான்கு இடங்களை மட்டும் படித்தால் போதும்.

ஃபால்ட்டிங் அப்ளிகேஷன் நேம்: செத்தவர் யார் என்பது. வேர்டு என்றால் வின்வேர்டு, எக்செல் என்றால் எக்செல் என்றே இருக்கும்.

ஃபால்ட்டிங் மாட்யூல் நேம்: கடைசியாகக் கையில் கத்தியோடு நின்றவர் யார் என்பது. மாட்யூல் என்பது நிரல் ஓடும்போது துணைக்கு ஏற்றிக்கொள்ளும் கோப்பு. முக்கியமான வரி இதுதான்.

எக்ஸப்ஷன் கோட்: எப்படிச் செத்தார் என்பது.

ஃபால்ட்டிங் மாட்யூல் பாத்: அந்த மாட்யூல் எந்தக் கோப்புறையில் குடியிருக்கிறது என்பது.

மாட்யூல் பெயர் புரியாவிட்டாலும் கவலை இல்லை, கோப்புறையைப் பாருங்கள். அது மைக்ரோசாஃப்ட் ஆபீஸின் கோப்புறையிலும் இல்லை, விண்டோஸ் கோப்புறையிலும் இல்லை, வேறொரு மென்பொருளின் பெயரில் இருக்கிறது என்றால் உங்கள் தேடல் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. பெரியவர் கணினியில் ஒன்பது முடக்கங்கள் பதிவாகியிருந்தன. ஒன்பதிலும் அதே மாட்யூல், அதே கோப்புறை: பேரன் நிறுவிய பிடிஎஃப் மாற்றி. ஆபீஸை நீக்கி நிறுவியும் ஏன் தீரவில்லை என்பதும் இப்போது விளங்கும். அந்த ஆட்-இன் ஆபீஸுக்குள் இல்லை. தன் சொந்தக் கோப்புறையில் உட்கார்ந்துகொண்டு, வேர்டு திறக்கும்போதெல்லாம் உள்ளே வருகிறது. வீட்டை இடித்துக் கட்டினாலும் பக்கத்து வீட்டுக்காரர் அதே பக்கத்து வீட்டுக்காரர்தானே.

எப்போதும் இவ்வளவு எளிதாக இருக்காது. நீங்கள் அடிக்கடி பார்க்கப்போகும் பெயர் என்டிடிஎல்எல். அதற்கு அடுத்தபடி கெர்னல்பேஸ். இவை இரண்டும் விண்டோஸின் அடித்தளக் கோப்புகள். எல்லா நிரல்களும் இவற்றின் வழியாகத்தான் போய் வருகின்றன. அங்கே விழுந்தது என்பதால் அவைதான் தள்ளிவிட்டன என்று ஆகாது. முட்டத்தில் தவறிய வலை குளச்சலில் கரை ஒதுங்கினால் குளச்சல்காரரைக் குற்றம் சொல்ல முடியுமா? இணையத்தில் தேடி, "என்டிடிஎல்எல் கோப்பைப் பதிவிறக்கி மாற்றுங்கள்" என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கத்தை உடனே மூடிவிடுங்கள். அது நோயைவிடப் பெரிய நோய்.

எம்எஸ்ஓ அல்லது டபிள்யூடபிள்யூலிப் என்று வந்தால் அது ஆபீஸின் சொந்தக் கோப்பு. அப்போது ஆவணமே கெட்டிருக்கிறதா, டெம்ப்ளேட் என்ற அடிப்படை அமைப்புக் கோப்பு கெட்டிருக்கிறதா, ஆபீஸ் நிறுவலே சிதைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐஜிடி, என்வி, ஏடிஐ, ஏஎம்டி போன்ற எழுத்துகளில் தொடங்கும் பெயர் என்றால் பெரும்பாலும் திரைக்குரிய கிராஃபிக்ஸ் டிரைவர். அதைப் புதுப்பியுங்கள். ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு பக்கத்தில் டிஸ்ப்ளே பகுதியில் ஹார்டுவேர் கிராஃபிக்ஸ் ஆக்ஸிலரேஷனை நிறுத்தும் குறி உங்கள் பதிப்பில் இருந்தால் அதையும் போட்டுப் பாருங்கள்.

குறியீடுகளில் மூன்றை நினைவில் வைத்தால் போதும். சி0000005 என்று முடிவது, தனக்கு உரிமையில்லாத நினைவக இடத்தில் நிரல் கை வைத்தது என்று பொருள். மிகப் பொதுவானது, இதை வைத்து மட்டும் ஒன்றும் சொல்ல முடியாது. சி0000374 என்றால் நிரல் தன் நினைவகக் கணக்கையே குழப்பிக்கொண்டது. ஆட்-இன்மேல் சந்தேகம் கூடும். சி0000006 என்றால் வட்டிலிருந்தோ வலையமைப்பிலிருந்தோ படிக்க வேண்டியதைப் படிக்க முடியவில்லை. இது வந்தால் முதலில் ஒன்று கேளுங்கள்: கோப்பைப் பென்டிரைவிலிருந்தே நேரடியாகத் திறந்து வேலை செய்கிறீர்களா? தட்டச்சு மையங்களில் இது அன்றாடம் நடக்கிறது. வாடிக்கையாளர் கொண்டுவந்த பென்டிரைவில் இருந்தபடியே திருத்தி, அதிலேயே சேமிப்பார்கள். கணினிக்கு நகல் எடுத்துத் திருத்திவிட்டுத் திரும்பப் போடுங்கள்.

இதே இடப்பக்கத்தில் சிஸ்டம் என்ற பிரிவும் இருக்கிறது. அதில் 41 என்ற எண்ணைத் தேடுங்கள். கெர்னல் பவர் என்ற பெயரோடு வரும். முறையாக நிறுத்தாமல் கணினி அணைந்து மறுபடி எழுந்தது என்று பொருள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்து ஓய்ந்தபின், மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்த நாள்களில் நான் பார்த்த கணினிகளில் இந்த 41 சரம் சரமாகக் கிடந்தது. ஆரல்வாய்மொழியில் மின்சாரம் தரும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டேதான் இருக்கின்றன. உங்கள் மேசைக்கு அடியிலிருக்கும் யுபிஎஸ்ஸின் மின்கலம் செத்துப்போயிருந்தால் அதனால் என்ன பயன்? 41 வந்த அடுத்த நாளிலிருந்து வேர்டு தகராறு செய்கிறது என்றால், பாதி எழுதப்பட்ட நிலையில் ஏதோ ஒரு கோப்பு சிதைந்திருக்கிறது என்று ஊகிக்கலாம்.

சேஃப் மோடு: பிரித்துப் பார்க்கும் சோதனை

சந்தேகத்தை உறுதி செய்ய எளிய வழி இது. கன்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே வேர்டு படத்தைச் சொடுக்குங்கள். சேஃப் மோடில் திறக்கட்டுமா என்று கேட்கும் வரை விசையை விடாதீர்கள். யெஸ் கொடுங்கள். எக்செல்லுக்கும் பவர்பாயின்டுக்கும் இதே வழிதான். விசை பிடிப்பது சரிவரவில்லை என்றால் விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, வின்வேர்டு என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, முன்சாய்கோடு போட்டு, அதை ஒட்டியே சேஃப் என்று தட்டுங்கள். முன்சாய்கோடு என்பது கேள்விக்குறி இருக்கும் அதே விசை.

இந்த நிலையில் வேர்டு ஆட்-இன்கள், உங்கள் தனிப்பட்ட அமைப்புகள் எதையும் ஏற்றாமல் தனியாக எழுந்து வரும். மேல்பட்டையில் சேஃப் மோடு என்று எழுதியிருக்கும். உங்கள் கோப்பைத் திறந்து, வழக்கமாக முடங்கும் அதே வேலையைச் செய்து பாருங்கள். முடங்கவில்லை என்றால் நல்ல செய்தி: ஆபீஸ் நலமாக இருக்கிறது, ஒட்டிக்கொண்டு வந்த ஏதோ ஒன்றுதான் கெட்டது. இங்கேயும் முடங்குகிறது என்றால் அச்சுப்பொறி, ஆவணம், நிறுவல், நினைவகம் ஆகியவற்றை நோக்கிப் போக வேண்டும்.

முதல் வகை என்றால், ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். அடியில் மேனேஜ் என்று ஒரு பட்டி. அதில் காம் ஆட்-இன்ஸ் தேர்ந்து கோ அழுத்துங்கள். பட்டியலில் உள்ள தேர்வுக் குறிகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வேர்டை மூடி, வழக்கம்போலத் திறங்கள். சரியாக இருந்தால் ஒவ்வொன்றாகக் குறி போட்டுப் பாருங்கள். பட்டியல் நீளமாக இருந்தால் பாதிப் பாதியாகச் சேருங்கள்; எட்டு ஆட்-இன் இருந்தாலும் மூன்று முறையில் பிடித்துவிடலாம். குற்றவாளி இவென்ட் வியூவரில் ஏற்கெனவே சிக்கியிருந்தால் அந்த ஒன்றின் குறியை மட்டும் எடுத்தால் போதும். தக்கலையில் நான் செய்தது அவ்வளவுதான்.

தமிழ் எழுத்துரு மாற்றிகள், பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்குக் கொண்டுபோகும் மேக்ரோக்கள் எனும் குட்டி நிரல்கள் ஆகியவற்றை இந்தப் பட்டியலில் காணவில்லையே என்று நினைக்கலாம். அவை பெரும்பாலும் டெம்ப்ளேட்டாகவே உட்கார்ந்திருக்கும். அதனால் அடுத்த படி.

நார்மல் டெம்ப்ளேட்

வேர்டு திறக்கும்போதெல்லாம் படிக்கிற அடிப்படைக் கோப்பு நார்மல் என்பது. உங்கள் எழுத்துரு, விளிம்பு, மேக்ரோ எல்லாம் அதில் இருக்கின்றன. மின்சாரம் போகும்போது அடிபடுகிற கோப்புகளில் இதுவும் ஒன்று. வேர்டை மூடிவிட்டு, விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, சதவீதக் குறி, ஆப்டேட்டா, மறுபடி சதவீதக் குறி என்று இடைவெளி இல்லாமல் தட்டி என்டர் கொடுங்கள். ஆப்டேட்டா என்பதில் பி ஒன்றா இரண்டா என்று எல்லோரும் கேட்பார்கள், இரண்டு. திறக்கும் கோப்புறையில் மைக்ரோசாஃப்ட், அதற்குள் டெம்ப்ளேட்ஸ். அங்கே நார்மல் இருக்கும். அதை அழிக்காதீர்கள், பெயரை மட்டும் பழைய நார்மல் என்பதுபோல மாற்றுங்கள். வேர்டை அடுத்த முறை திறக்கும்போது புதிதாக ஒன்றை அதுவே உருவாக்கிக்கொள்ளும். நோய் தீர்ந்தால் சரி. தீராவிட்டால் புதியதை நீக்கிப் பழையதன் பெயரைத் திருப்பி வைத்துவிடலாம். உங்கள் மேக்ரோக்களும் பத்திரமாக இருக்கும்.

அச்சுப்பொறி செய்யும் சேட்டை

அச்சிடாமலே அச்சுப்பொறி வேர்டை முடக்க முடியும். பக்கம் எங்கே முடிகிறது, வரி எங்கே மடிகிறது என்று கணக்கிட வேர்டு இயல்புநிலை அச்சுப்பொறியின் டிரைவரிடம் கேட்கிறது. அந்த டிரைவர் கெட்டிருந்தால் கோப்பைத் திறக்கும்போதே விழும். வலையமைப்பில் இருந்த அச்சுப்பொறி அணைந்திருந்தால் பதிலுக்குக் காத்துக் காத்து உறைந்து நிற்கும், அதுதான் 1002.

சோதனை இரண்டு நிமிடம். செட்டிங்ஸில் பிரின்டர்ஸ் பக்கம் போய், லெட் விண்டோஸ் மேனேஜ் மை டீஃபால்ட் பிரின்டர் என்பதை நிறுத்துங்கள். பிறகு மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப் என்பதை இயல்புநிலை ஆக்குங்கள். இப்போது வேர்டு ஒழுங்காக நடந்துகொண்டால், பழைய அச்சுப்பொறியை நீக்கிவிட்டு டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து எடுத்துப் புதிதாக நிறுவுங்கள். முத்திரைத்தாளில் அச்சிடுகிறவர்கள் டிரைவரை மாற்றியதும் முதலில் வெற்றுத்தாளில் விளிம்பைச் சரிபாருங்கள். முத்திரைத்தாளில் சோதனை செய்து பார்க்கிற வசதி யாருக்கும் இல்லை.

ஒரே ஒரு கோப்பு மட்டும் என்றால்

மற்றதெல்லாம் திறக்கிறது, ஒன்று மட்டும் கொல்கிறது என்றால் கணினியைத் தொடவே வேண்டாம். ஃபைல், ஓப்பன், பிரவுஸ் வழியாகக் கோப்பை ஒருமுறை சொடுக்கித் தேர்ந்துகொள்ளுங்கள். ஓப்பன் பொத்தானின் ஓரத்தில் சின்ன அம்புக்குறி இருக்கும். அதை அழுத்தினால் ஓப்பன் அண்டு ரிப்பேர். எக்செல்லிலும் உண்டு.

திறந்த பிறகும் தகராறு செய்தால் பழைய தட்டச்சர்களின் வித்தை ஒன்று: கடைசிப் பத்திக் குறியை மட்டும் விட்டுவிட்டு மற்ற அனைத்தையும் நகலெடுத்துப் புதிய ஆவணத்தில் ஒட்டுங்கள். ஆவணத்தின் அமைப்புத் தகவல் நிறைய அந்தக் கடைசிக் குறியில்தான் ஒளிந்திருக்கிறது. சிதைவும் பெரும்பாலும் அங்கேதான். வருடக்கணக்காக ஒரே கோப்பைத் திறந்து, பெயரை மட்டும் மாற்றி மாற்றிப் பத்திரம் தயாரிக்கிறவர்களிடம் இந்த நோய் அதிகம். வேர்டு கைவிட்ட கோப்பை லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருள் சில நேரம் திறந்துவிடும். அதில் திறந்து மறுபடி சேமித்துக் கொண்டுவருவதும் ஒரு வழி.

லிப்ரே ஆபீஸையே பயன்படுத்துகிறவர்களுக்கு: உதவி மெனுவில் சேஃப் மோடில் மீண்டும் தொடங்கும் வசதி இருக்கிறது. நீட்சிகளை நிறுத்துவதும், பயனர் அமைப்பை முதல் நிலைக்குக் கொண்டுபோவதும் அந்தப் பெட்டியிலேயே உண்டு.

பழுதுபார்ப்பு, வரிசையாக

இதுவரை தீரவில்லை என்றால்தான் ஆபீஸைத் தொட வேண்டும். செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலில் ஆபீஸைக் கண்டுபிடித்து மாடிஃபை கொடுங்கள். இரண்டு தேர்வுகள் வரும். குவிக் ரிப்பேர் இணையம் இல்லாமலே சில நிமிடங்களில் முடியும். ஆன்லைன் ரிப்பேர் என்பது ஏறக்குறைய முழு மறுநிறுவல். நிறையப் பதிவிறக்கும், கைபேசி டேட்டாவை நம்பித் தொடங்காதீர்கள். முடிந்த பிறகு உங்கள் கணக்கும் கடவுச்சொல்லும் கேட்கலாம், கையில் இருக்கட்டும். கள்ளப் பிரதி ஓட்டுகிறவர்களுக்கு இந்தப் படி உதவாது. பூட்டை உடைக்க நிறுவிய கருவியே முடக்கத்துக்குக் காரணமாக இருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

ஆபீஸ் 2007இல் இதையெல்லாம் ஒரே பொத்தானில் வைத்திருந்தார்கள். ஆப்ஷன்ஸில் ரிசோர்சஸ் பக்கத்தில் டயக்னோஸ் என்று இருக்கும். நினைவகம், வட்டு, நிறுவல் எல்லாவற்றையும் அதுவே சோதிக்கும். 2010இல் அதை எடுத்துவிட்டார்கள். எனக்கு இன்றும் அந்த வருத்தம் உண்டு. 2007க்கான ஆதரவு 2017 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது என்பதால் அதற்காக அங்கே திரும்பிப் போக வேண்டாம்.

ஆபீஸ் தவிர மற்ற நிரல்களும் விழுகின்றன என்றால் விண்டோஸ் கோப்புகளைச் சோதியுங்கள். தேடல் பெட்டியில் சிஎம்டி என்று தட்டி, வரும் பெயரில் வலச்சொடுக்கி ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுங்கள். கறுப்புத் திரையில் முதலில் டிஐஎஸ்எம், இடைவெளி, சாய்கோடு ஆன்லைன், இடைவெளி, சாய்கோடு கிளீனப் சிறுகோடு இமேஜ், இடைவெளி, சாய்கோடு ரிஸ்டோர்ஹெல்த். இணையம் தேவை. இடையில் ஒரே சதவீதத்தில் நெடுநேரம் நிற்கும், அவசரப்பட்டு மூடாதீர்கள். அது முடிந்த பிறகு எஸ்எஃப்சி, இடைவெளி, சாய்கோடு ஸ்கேன்நவ். சிதைந்த கோப்புகள் இருந்ததா, சரிசெய்ய முடிந்ததா என்று முடிவில் ஒரு வரியில் சொல்லும்.

கடலோரக் கணினியும் நினைவகமும்

குளச்சலுக்குப் பக்கத்தில் மீன் ஏலக் கணக்கு எழுதுகிற ஒரு கடை. கடல் அங்கிருந்து கூப்பிடு தூரம். எக்செல் ஒரு நாள் விழும், பிரவுசர் ஒரு நாள் விழும், ஒருநாள் கணினியே நீலத்திரை காட்டும். இவென்ட் வியூவரில் பார்த்தால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு மாட்யூல். இன்று என்டிடிஎல்எல், நேற்று எக்செல், முந்தாநாள் பெயரே தெரியாத ஒன்று. குற்றவாளி மாறிக்கொண்டே இருந்தால் குற்றம் மென்பொருளில் இல்லை, வன்பொருளில் என்று கொள்ளலாம்.

விண்டோஸ் பொத்தானை அழுத்தி மெமரி டயக்னாஸ்டிக் என்று தட்டுங்கள். ரீஸ்டார்ட் நவ் கொடுத்தால் கணினி மறுதொடக்கமாகி நீலப் பின்னணியில் சோதனை ஓடும். ஓடும்போது எஃப்1 அழுத்தினால் எக்ஸ்டெண்டெட் சோதனையைத் தேர்ந்தெடுக்கலாம். அது மணிக்கணக்கில் ஓடும், இரவு கடை பூட்டும்போது போட்டுவிட்டுப் போங்கள். முடிவு காலையில் திரையில் வராவிட்டால் இவென்ட் வியூவரில் சிஸ்டம் பிரிவில் மெமரி டயக்னாஸ்டிக்ஸ் ரிசல்ட்ஸ் என்ற பெயரில் இருக்கும்.

அந்தக் கடையில் சோதனை தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே வன்பொருள் கோளாறு என்று காட்டிவிட்டது. மின்சாரத்தை முழுவதும் துண்டித்துவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். நினைவகமான ராம் பலகையின் பொன்னிறப் பற்கள் மங்கிக் கறுத்திருந்தன. ஓரத்தில் லேசான பச்சை. உப்புக் காற்றும் ஈரமும் செய்த வேலை. ரப்பர் விளைகிற மாவட்டத்தில் மருந்துக்கு வெளியே போக வேண்டுமா? கடைக்காரரின் மகள் பள்ளிப் பையிலிருந்து பென்சில் ரப்பர் எடுத்துக் கொடுத்தாள். பற்களை மெதுவாக ஒரே திசையில் தேய்த்து, துகளைத் தூரிகையால் தட்டிவிட்டு, இரண்டு பக்கமும் கிளிக் என்று சத்தம் வரும்வரை திரும்பப் பொருத்தினேன். இரண்டு பலகைகளையும் தனித்தனியே வைத்து மறுபடி சோதித்ததில் ஒன்று தேறியது. மற்றது தேறவில்லை, அதை மாற்றினோம்.

வட்டுக்கும் இதேபோலப் பார்க்கலாம். சிஸ்டம் பிரிவில் டிஸ்க் என்ற பெயரோடு 7 என்ற எண் இருந்தால் வட்டில் படிக்க முடியாத பகுதி விழுந்திருக்கிறது. அப்போது உடனே வட்டைச் சோதிக்கும் செக்டிஸ்க் கருவியை ஓட்டாதீர்கள். சாகக் கிடக்கிற வட்டை முழுவதும் படிக்கச் சொல்வது, மூச்சு வாங்குகிறவரை மருந்துவாழ்மலை ஏறச் சொல்வதற்குச் சமம். முதலில் கோப்புகளை வெளியே எடுங்கள், சோதனை பிறகு. அந்த எண் மீண்டும் மீண்டும் வந்தால் வட்டை மாற்றிவிடுங்கள்.

இவ்வளவும் செய்து பார்த்தும் தீராமல் ஆளைக் கூப்பிட வேண்டி வந்தால், இவென்ட் வியூவரின் அந்த 1000 வரியைத் திறந்து, கீழே உள்ள பத்தியைக் கைபேசியில் படம் பிடித்து முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். தக்கலைப் பெரியவர் இப்போது அப்படித்தான் செய்கிறார். படம் கொஞ்சம் ஆடியிருக்கும், பாதித் திரையில் குழல்விளக்கு மின்னும், ஆனால் மாட்யூல் பெயர் மட்டும் தெளிவாகத் தெரியும்.